கடல் மட்டத்துக்கு மேல்

செட்டிநாடு ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை
ஊர்ப்பெயருக்கு அடியில், சின்ன எழுத்தில்,
கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்கிறது.
அதை யாரும் படிப்பதில்லை.
நான் படித்தேன். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

வரத்துக்கால் எந்த இடத்தில் செத்தது,
கண்மாய்க்கு ஏன் தண்ணீர் போகவில்லை,
பதினைந்து நாளில் அறிக்கை வேண்டும் என்றார்கள்.
ஒரு முக்காலி, ஒரு லெவல் கருவி, நாலு மீட்டர் அளவுகோல்.
கோலைப் பிடிக்க வைரவமூர்த்தி.
அவன் கோல் அசையாது.
வாய் அசைந்துகொண்டே இருக்கும்.

பார்த்தால் தட்டை.
தேவகோட்டை பஸ்ஸில் போகிற எவரும் சத்தியம் செய்வார்,
தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி பூமி என்று.
குன்றக்குடிப் பாறையைக் கழித்துவிட்டால்
இங்கே வானத்தை இடிப்பதெல்லாம்
பர்மாத் தேக்கும் சுண்ணாம்பும்தான்.

கருவியின் கண்ணுக்குள் வேறு ஊர்.
குறுக்குக் கம்பியில் ஒன்று புள்ளி நாலு இரண்டு.
நூறடி தள்ளி ஒன்று புள்ளி நாலு ஏழு.
ஐந்து சென்டிமீட்டர்.
ஒரு டீ கிளாஸில் பாதி.
அதுதான் இந்தச் சீமையின் மலைத்தொடர்.
அதன் வடக்கே விழுந்த துளிக்கு ஒரு கண்மாய்,
தெற்கே விழுந்ததற்கு வேறொன்று.
இரண்டும் கடலில்தான் சந்திக்கும், சந்தித்தால்.

"இவ்வளவு எதுக்கு மேடம்" என்றான் வைரவமூர்த்தி.
"இந்தா ஆவாரை. அந்தா கோரை.
ரெண்டுக்கும் நடுவுல உங்க கோட்டைப் போடுங்க."
போட்டுப் பார்த்தேன்.
ஒரு விரற்கடைதான் வித்தியாசம்.
அதை அறிக்கையில் எழுத முடியாது.

ஆடி முழுக்கக் காற்று.
மேற்கிலிருந்து வரும் மேகம்
மலைக்கு அந்தப் பக்கமே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு
சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டு போகும்.
செம்புறாங்கல் சூடு செருப்பைத் தாண்டும்.
எங்கள் கணக்கெல்லாம் ஐப்பசியின் பெயரில் எழுதிய கடன்.

பன்னிரண்டாம் நாள் கணக்கு முடியவில்லை.
நிலையத்தில் தொடங்கி
ஊருணிக்கரை அளவுக்கல்லில் முடித்தால்
பழைய பதிவேட்டுக்கும் எனக்கும் முப்பத்தொரு சென்டிமீட்டர் சண்டை.
மூன்று தடவை கூட்டினேன்.
முக்காலியின் காலைச் சந்தேகித்தேன்.
வைரவமூர்த்தியைச் சந்தேகித்தேன்.

கல்லின் மேல் ஒரு போர்வை நுரைத்துக்கொண்டிருந்தது.
முத்துக்காமு அதை அடித்துத் திருப்பியபோது
அடியில் தெரிந்தது அரசாங்கத்தின் அம்புக்குறி.

"இந்தக் கல்லா? மேலே இருந்துச்சு.
தண்ணி இறங்கிப் போச்சு, எட்டலை.
போன மாசி, நாலு பேர் புரட்டி ரெண்டு படி கீழ போட்டோம்.
ஏன், ஒங்களுதா?"

இரண்டு படி. முப்பத்தொரு சென்டிமீட்டர்.
என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக
ஒரு பிழை பொருந்தியதில்லை.

வரத்துக்கால் செத்த இடமும் கிடைத்தது:
நாற்பது மனை, நாலு வண்ணக் கொடி,
தார் காயாத ஒரு சாலை.
எழுதிக் கொடுத்தேன்.
கோப்பு காரைக்குடிக்குப் போனது,
அங்கிருந்து சிவகங்கைக்கு மேடேறியது.
காகிதம் மட்டும்தான் இங்கே மேட்டுக்கு ஓடுகிறது.

ஐப்பசி இருபத்திரண்டு, இரவு முழுக்க.
விடிந்து குடையோடு போனேன்.
தண்ணீர் என் கோட்டின் மேலேயே வந்து நின்றிருந்தது,
மனை எண் ஒன்பதிலிருந்து பதினேழு வரை,
ஒரு வளைவைக்கூட விடாமல்.
எல்லைக்கல் ஒன்றில் நத்தைக்குத்தி நாரை,
அலகிடுக்கில் வெளிச்சத்தோடு,
பத்திரம் பார்க்க வந்தது மாதிரி.

வைரவமூர்த்தி முழங்காலளவில் இறங்கி
கையில் இல்லாத கோலை நிமிர்த்திப் பிடித்தான்.
"மேடம், கடல் மட்டம் வந்துருச்சு.
சைபர்னு எழுதிக்கங்க."

ஊருணியில் அளவுக்கல் முழுகிவிட்டது.
முத்துக்காமு வேறு ஒரு கல்லைத்
தேடிக்கொண்டிருந்தாள், இரண்டு படி மேலே.